பைபேப் போட்டும் சி.ஓ.டூ. இறங்கவில்லையா? முதலில் துளையைத் தேடுங்கள்

பைபேப் (மாஸ்க் வழியாக இரண்டு அழுத்தங்களில் மூச்சுக்கு உதவும் மெஷின்) போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) எடுக்கிறோம். சி.ஓ.டூ. (ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு) 78இல் இருந்து 80க்கு ஏறியிருக்கிறது, பி.எச். (ரத்தத்தின் அமிலத்தன்மை) 7.26இலேயே நிற்கிறது. பெரும்பாலும் அடுத்து நடப்பது ஐபேப்பை (உள்மூச்சின்போது கொடுக்கும் அழுத்தம்) 2 கூட்டுவது. அரை மணி கழித்து இன்னும் 2. நோயாளி மாஸ்கைப் பிடுங்குகிறார், வயிறு உப்புகிறது, கடைசியில் "என்.ஐ.வி. (மாஸ்க் வழிச் செயற்கைச் சுவாசம்) தோற்றுவிட்டது" என்று குறிப்பில் எழுதப்படுகிறது. அழுத்தம் போதாமல் தோற்பதும் உண்டுதான். ஆனால் அவர் விட்ட மூச்சு வெளியேற வழியில்லாமல், அதையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு அழுத்தம் கொடுத்தும் பலன் குறைவு. இதைக் கண்டுபிடிக்கப் புதிய கருவி எதுவும் வேண்டாம். மாஸ்கிலிருந்து மெஷின்வரை கண்ணாலும் கையாலும் தடவிக்கொண்டு போனாலே பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

ஐ.சி.யூ.விலும் வார்டிலும் என்.ஐ.வி. பார்க்கும் செவிலியர்கள், டெக்னீஷியன்கள், இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறோம். வீட்டில் பைபேப் வைத்திருப்பவர்களுக்கான பகுதி கடைசியில் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் துளை, மாஸ்க், டியூப் ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். அழுத்த எண்களை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

விட்ட மூச்சு எந்த வழியாகப் போகிறது?

மூன்று வகை சர்க்யூட்டுகள் (மெஷினுக்கும் மாஸ்க்குக்கும் நடுவே காற்று ஓடும் டியூப் அமைப்பு) புழக்கத்தில் இருக்கின்றன. எது உங்கள் கையில் இருக்கிறது என்று தெரியாமல் மாஸ்க்கை எடுக்கவே கூடாது.

முதலாவது, இரண்டு டியூப் கொண்ட ஐ.சி.யூ. வென்டிலேட்டர். ஒரு டியூபில் காற்று வருகிறது, இன்னொன்றில் போகிறது. விட்ட மூச்சு வென்டிலேட்டருக்குள் இருக்கும் எக்ஸ்பிரேட்டரி வால்வு வழியாக வெளியேறும். இதற்குத் துளையில்லாத மாஸ்க் வேண்டும். ஒருவழி ஓட்டம் என்பதால் டியூபுக்குள் பழைய மூச்சு தங்காது. இரண்டு டியூபும் சேரும் ஒய் இணைப்பிலிருந்து வாய்வரை உள்ள இடம் மட்டுமே டெட் ஸ்பேஸ் (விட்ட மூச்சு தங்கித் திரும்ப உள்ளே போகும் வீண் இடம்).

இரண்டாவது, ஒரே டியூப், வேண்டுமென்றே வைத்த துளை. பெரும்பாலான பைபேப் மெஷின்கள், வீட்டு மெஷின்கள் அனைத்தும் ஏறக்குறைய இதுதான். மெஷினில் வால்வு கிடையாது. மாஸ்கிலோ, மாஸ்க்கை ஒட்டி டியூபிலோ ஒரு துளை இருக்கும். அதன் வழியாக எப்போதும் காற்று கசிந்துகொண்டே இருக்கும். விட்ட மூச்சுக்கு வெளியேறும் வழி அது ஒன்றுதான்.

மூன்றாவது, ஒரே டியூபில் ஆக்டிவ் வால்வு. மெஷினிலிருந்து மெல்லிய அழுத்தக் குழாய் ஒன்று வால்வுக்கு வரும். மூச்சை உள்ளிழுக்கும்போது வால்வுக்குள் இருக்கும் சவ்வு ஊதி மூடிக்கொள்ளும், வெளிவிடும்போது திறக்கும். இதற்கும் துளையில்லாத மாஸ்க்தான். அந்த மெல்லிய குழாயில் நீர் தேங்கினாலோ மடங்கினாலோ வால்வு முழுதாகத் திறக்காமல் போகும். அப்போது விட்ட மூச்சு டியூபுக்குள் திரும்பும், மூச்சின் மேல் மூச்சு அடுக்கப்படும். குழாய் கழன்றுவிட்டால் வால்வு மூடவே மூடாது, அழுத்தம் ஏறாது. அதை அலாரம் காட்டிவிடும். மடங்கிய குழாய் அவ்வளவு எளிதில் தெரியாது.

மாஸ்க்கும் சர்க்யூட்டும் பொருந்தாதபோது

பல நிறுவனங்கள் துளையில்லாத மாஸ்கின் எல்போவை (டியூபோடு சேரும் வளைந்த இணைப்பு) நீல நிறத்தில் செய்கின்றன, துளையுள்ளதை நிறமில்லாமல் விடுகின்றன. இது நல்ல வழிகாட்டி, ஆனால் உறுதியான விதி அல்ல. ஒரு நிறுவனத்தின் மாஸ்கில் இன்னொரு நிறுவனத்தின் எல்போவை மாட்டிவைத்திருக்கும் அலமாரிகள் நிறைய. ஆகவே நிறத்தை நம்பாமல் துளையைத் தேடுங்கள். எல்போவைச் சுற்றியோ, மாஸ்கின் மூக்குப் பகுதியிலோ சிறு துளைகளின் வரிசையோ, வலை போன்ற ஒரு வட்டமோ இருந்தால் அது துளையுள்ள மாஸ்க். மாஸ்கின் ஓரத்தில் மூடிபோட்ட ஒன்றிரண்டு சிறு முனைகள் இருக்கும். அவை ஆக்சிஜனோ அழுத்த அளவியோ இணைப்பதற்கு. அவற்றைத் துளை என்று எண்ணிவிடாதீர்கள். இணைப்பு இல்லாதபோது மூடியே இருக்க வேண்டும்.

எல்போவில் மெல்லிய ரப்பர் மடல் ஒன்றும் இருக்கலாம். அது ஆன்டி-அஸ்ஃபிக்ஸியா வால்வு. மெஷின் ஓடும்போது அழுத்தத்தால் மூடிக்கொள்ளும், மெஷின் நின்றால் திறந்து அறைக்காற்றை விடும். இதை வெளிமூச்சுத் துளையாகக் கணக்கில் எடுக்கும் தவறு அடிக்கடி நடக்கிறது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்வரை மடல் மூடியேதான் இருக்கும். அதனால் மடல் இருக்கிறது, வேறு துளை இல்லை என்றால் அது துளையில்லாத மாஸ்க்தான்.

பொருந்தாத சேர்க்கைகளில் உயிருக்கு ஆபத்தானது ஒன்று: ஒரே டியூப் பைபேப்பில் துளையில்லாத மாஸ்க், டியூபிலும் எக்ஸலேஷன் போர்ட் (வெளிமூச்சுத் துளை) இல்லை. விட்ட மூச்சு டியூபுக்குள் பின்னோக்கிப் போகும், அடுத்த மூச்சில் அதுவே திரும்ப வரும். சாதாரண 22 மி.மீ. டியூப் 1.8 மீட்டர் நீளம் இருந்தால் அதன் உட்கொள்ளளவு ஏறக்குறைய 680 மி.லி. அதாவது விட்ட மூச்சு முழுவதும் டியூபுக்குள்ளேயே அடங்கிவிடும். இதில் ஏமாற்றக்கூடிய விஷயம், திரையில் எல்லாம் அழகாகத் தெரியும். அழுத்தம் சொன்னபடி ஏறும், கசிவு பூஜ்யம், அலைவடிவம் சுத்தம். மெஷின் ஆக்சிஜனும் கொடுத்துக்கொண்டிருந்தால் ரத்த ஆக்சிஜன் செறிவுகூட 92, 94 என்று நிற்கும். நோயாளி மட்டும் அரை மணியில் தூக்கத்தில் ஆழ்ந்துவிடுவார். "நன்றாகத் தூங்குகிறார்" என்று விட்டுவிடுவார்கள்.

சில மெஷின்களில் துளையில்லா மாஸ்க் அல்லது அடைபட்ட துளை என்று எச்சரிக்கும் அலாரம் உண்டு. இரவில் கத்துகிறது என்று அதை அணைத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

எதிர்த்திசைத் தவறு, இரண்டு டியூப் வென்டிலேட்டரில் துளையுள்ள மாஸ்க். இதில் விட்ட மூச்சு திரும்புவது பிரச்சினை இல்லை. கசிவு அலாரம் ஓயாது, வெளிவிட்ட காற்றின் அளவு குறைவாகக் காட்டும், நோயாளி இழுக்காமலே மெஷின் மூச்சு கொடுக்கும். தொல்லைதான், ஆனால் உடனே தெரிந்துவிடும்.

மாஸ்கிலும் துளை, டியூபிலும் போர்ட் என்று இரண்டும் வைப்பதும் சரியல்ல. கசிவு இரட்டிப்பாகி ஆக்சிஜன் நீர்த்துப்போகும், ட்ரிகர் (நோயாளி மூச்சிழுப்பதை மெஷின் உணர்வது) தடுமாறும். ஒன்று போதும். இரண்டில் எது மேல் என்றால், மாஸ்கிலேயே, அதுவும் மூக்குத்தண்டுக்கு அருகில் இருக்கும் துளை விட்ட மூச்சை நன்றாக வெளியேற்றுகிறது. வாய்க்கு எவ்வளவு அருகில் துளை இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஈபேப் செய்யும் இன்னொரு வேலை

ஈபேப் (வெளிமூச்சின்போது இருக்கும் அழுத்தம்) என்றால் நுரையீரலைத் திறந்து வைப்பது, ஆட்டோ-பீப்பை (மூச்சு முழுதாக வெளியேறாமல் நுரையீரலில் தேங்கும் அழுத்தம்) சமாளிப்பது என்றுதான் படித்திருப்போம். ஒரே டியூப் சர்க்யூட்டில் அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: டியூபைக் கழுவுவது.

நோயாளி மூச்சை விடத் தொடங்கும் கணத்தில் காற்று வேகமாக வரும், துளை அவ்வளவையும் உடனே விடாது. மிச்சம் டியூபுக்குள் பின்வாங்கும். மூச்சின் பின்பாதியில் வேகம் குறைந்ததும், மெஷினிலிருந்து ஈபேப் அழுத்தத்தில் வரும் புதுக்காற்று அந்தப் பழைய மூச்சைத் துளை நோக்கித் தள்ளி வெளியேற்றும். இதற்கு இரண்டு வேண்டும்: துளை வழியாகப் போதுமான ஓட்டம், போதுமான நேரம்.

துளை வழியான ஓட்டம் அழுத்தத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு மாஸ்கின் கையேட்டிலும் அழுத்தமும் கசிவும் எழுதிய அட்டவணை இருக்கும். பொதுவான துளையுள்ள மாஸ்கில் 4 செ.மீ. நீரழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர், 8 செ.மீ.யில் சுமார் 28, 20 செ.மீ.யில் 45 முதல் 50 என்று வரும். அழுத்தம் இரட்டித்தால் ஓட்டம் இரட்டிக்காது, 1.4 மடங்குதான் ஆகும்.

இப்போது கணக்கு போடலாம். நோயாளியின் டைடல் வால்யூம் (ஒரு மூச்சின் அளவு) 400 மி.லி., மூச்சு நிமிடத்துக்கு 20, வெளிவிடும் நேரம் 2 விநாடி, ஈபேப் 4. நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் விநாடிக்கு 333 மி.லி. 2 விநாடியில் 667 மி.லி. வெளியே போகும். 400ஐக் கழுவ இது தாராளம்.

அதே நோயாளி பதற்றத்தில் 35 மூச்சு விடுகிறார். ஒரு மூச்சுக்கு 1.7 விநாடி, அதில் பாதியே வெளிவிட, அதாவது 0.85 விநாடி. அதே ஈபேப் 4இல் 283 மி.லி.தான் வெளியேறும். 117 மி.லி. டியூபில் தங்கி அடுத்த மூச்சோடு உள்ளே போகும். ஈபேப்பை 6 ஆக்கினால் ஏறக்குறைய 347, 8 ஆக்கினால் 400. அப்போதுதான் கணக்கு நேராகிறது.

நிஜத்தில் நிலைமை இவ்வளவு மோசமாக இருக்காது. உள்மூச்சின்போதும் துளை வழியாகக் காற்று போகிறது, அதுவும் ஐபேப் அழுத்தத்தில். வெளிமூச்சின் முதல் பகுதி காற்றுக்குழாய்களில் இருந்த காற்று, அதில் சி.ஓ.டூ. இல்லை. ஆனாலும் திசை சரியானது: மூச்சு வேகம் கூடக்கூட, ஈபேப் குறையக்குறைய, திரும்பும் மூச்சு கூடும். 1995இல் ஃபெர்குசனும் கில்மார்ட்டினும் வெளியிட்ட ஆய்வு இதைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. சாதாரண துளையோடு பைபேப் கொடுத்தபோது சி.ஓ.டூ. எதிர்பார்த்தபடி இறங்கவில்லை, வெளிமூச்சு வால்வை மாற்றியதும் இறங்கியது. பல மெஷின்கள் ஈபேப்பை 4க்குக் கீழே வைக்கவே விடாததற்கு இதுதான் காரணம். 3 வரை இறக்கவிடும் மெஷின்களில், துளையுள்ள சர்க்யூட்டாக இருந்தால் 4க்குக் கீழே போகாமல் இருப்பதே எங்கள் பரிந்துரை. ஆக்டிவ் வால்வு சர்க்யூட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஈபேப்பைக் கூட்டும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 16/4 (ஐபேப் 16, ஈபேப் 4) என்று ஓடும்போது உதவி அழுத்தம், அதாவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், 12. ஈபேப்பை மட்டும் 8 ஆக்கினால் அது 8 ஆகிவிடும், மூச்சின் அளவு சுருங்கும், டியூபைக் கழுவியதன் பலன் அங்கே போய்விடும். 20/8 என்று இரண்டையும் சேர்த்து ஏற்ற வேண்டும். ஐபேப் 20ஐத் தாண்டினால் வயிற்றுக்குள் காற்று போவது கூடும், ரத்த அழுத்தம் தாழ்ந்தவரிடம் இன்னும் விழலாம். ஆகவே ஈபேப்பில் 8 வரை போவதற்கு முன் வெளிமூச்சு நேரத்தை நீட்ட முடியுமா என்று பாருங்கள். சி.ஓ.பி.டி.யில் (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்மூச்சு நேரம் 0.8 முதல் 1.2 விநாடி போதும். மாஸ்க் ஓரத்தில் கசிவு இருந்தால் மெஷின் உள்மூச்சை முடிக்கத் தெரியாமல் நீட்டிக்கொண்டே போகும். அதிகபட்ச உள்மூச்சு நேரத்தை 1 விநாடியில் கட்டிப்போட்டு, கசிவைச் சரிசெய்தாலே வெளிமூச்சுக்கு நேரம் கிடைத்துவிடும். வேகமாக மூச்சுவிடும் நோயாளிக்கு 1.2 என்பதே நீளம். பக்கத்தில் உட்கார்ந்து பேசி, பதற்றத்தைத் தணித்து, 35ஐ 26 ஆக்குவதும் கழுவும் வேலைதான்.

பிளேட்டோ வால்வு என்று ஒரு வகை வெளிமூச்சு வால்வு இருக்கிறது. உள்ளே சவ்வு வைத்து, குறைந்த அழுத்தத்திலும் ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். கடும் நிலையில், வேகமான மூச்சில் உதவலாம். நாட்பட்ட நோயாளிகளுக்கு வீட்டில் வழக்கமாக மாற்றித் தருவதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. இருக்கும் சாதாரண துளையைச் சுத்தமாக வைத்திருப்பதற்கே முதல் மதிப்பு.

மாட்டும் முறை

1. மெஷினைப் பாருங்கள். ஒரு டியூபா, இரண்டா? ஒரு டியூப் என்றால் மெல்லிய வால்வுக் குழாய் உண்டா? மெல்லிய குழாய் இருப்பதாலேயே ஆக்டிவ் வால்வு என்று முடிவு செய்யாதீர்கள். சில மெஷின்களில் அது மாஸ்க் அருகே அழுத்தத்தை அளக்கும் குழாய் மட்டுமே. குழாய் எங்கே போய் முடிகிறது என்று விரலால் பின்தொடருங்கள்.

2. துளையை விரலால் தொட்டுக் காட்டுங்கள். "இதோ, இங்கே வெளியேறும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல முடியவில்லை என்றால் மாஸ்க்கை நோயாளி முகத்தில் வைக்காதீர்கள்.

3. மெஷினில் மாஸ்க் வகையும் போர்ட் வகையும் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பிலிப்ஸ் வி60 மெஷினில் போர்ட் வகையைச் சொன்ன பிறகுதான் திரையில் வரும் கசிவு எண்ணுக்குப் பொருள் வரும். போர்ட் சோதனை கேட்டால் தவிர்க்காமல் செய்யுங்கள்.

4. நோயாளிக்கு மாட்டும் முன் மெஷினை ஓடவிட்டு மாஸ்கின் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். துளையில் காற்று சீறிக்கொண்டு வர வேண்டும். டிஷ்யூ பேப்பரில் ஒரு கீற்று கிழித்துத் துளைமுன் பிடித்தால் ஈபேப் அழுத்தத்திலும் அது அசைய வேண்டும். ஐபேப்பில் மட்டும் அசைந்து, ஈபேப்பில் தொங்கினால் துளை பாதி அடைத்திருக்கிறது அல்லது ஈபேப் மிகக் குறைவு.

5. மெஷினை ஒரு கணம் நிறுத்துங்கள். ஆன்டி-அஸ்ஃபிக்ஸியா மடல் தளர்ந்து திறக்கிறதா பாருங்கள். உலர்ந்த சளியால் ஒட்டிப்போன மடல் மின்சாரம் போகும் நேரத்தில் கைவிட்டுவிடும்.

6. முகத்துக்குப் பொருந்தும் அளவுகளில் சிறியதை எடுங்கள். மாட்டிய பிறகு துளை போர்வைக்கோ தலையணைக்கோ கழுத்துக்கோ எதிராக இல்லாமல் திருப்பிவையுங்கள். கண்ணுக்குள் காற்று அடிக்காமலும் பாருங்கள். கண்ணில் அடித்தால் யாராவது ஒருவர் கட்டாயம் பஞ்சு வைத்து அடைப்பார்.

இந்த அடைக்கும் பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உஸ்ஸென்ற சத்தம் கேட்டதும் "காற்று லீக் ஆகிறது" என்று துளைமேல் பிளாஸ்டர் ஒட்டுவது நோயாளியின் உறவினர் மட்டுமல்ல, புதிதாக வந்த ஊழியரும் செய்யக்கூடியதுதான். நல்லெண்ணத்தில் செய்வதால் யாரும் சொல்வதும் இல்லை. மாஸ்க் மாட்டிய உடனே கட்டிலருகில் இருப்பவரிடம் துளையைக் காட்டி, "இந்தச் சத்தம் வர வேண்டும், நின்றால்தான் எங்களைக் கூப்பிட வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

மாஸ்க்குக்கும் துளைக்கும் நடுவே எதுவும் வேண்டாம்

இந்த இடத்தில் செருகும் ஒவ்வொன்றும் டெட் ஸ்பேஸ். எச்.எம்.இ. ஃபில்டர் (விட்ட மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைப்பது), கதீட்டர் மவுன்ட் (வளையும் சிறு இணைப்புக் குழாய்), நெபுலைசர் டீ (மருந்தைப் புகையாக்கும் கருவியை இணைக்கும் T வடிவத் துண்டு), கேப்னோகிராஃப் (மூச்சிலுள்ள சி.ஓ.டூ.வை அளக்கும் கருவி) அடாப்டர் எல்லாம் இதில் அடங்கும். தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். டைடல் வால்யூம் 350 மி.லி. உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 150 மி.லி. அவருடைய காற்றுக்குழாய்களிலேயே வீணாகிறது, 200 மி.லி. மட்டும் வேலை செய்கிறது. 60 மி.லி. கொள்ளும் ஒரு ஃபில்டரைச் செருகினால் வேலை செய்யும் காற்று 140 ஆகும், அதாவது 30 சதவீதம் இழப்பு. அவர் வேகத்தையோ ஆழத்தையோ கூட்டாவிட்டால் 60 ஆக இருந்த சி.ஓ.டூ. கணக்குப்படி 86 நோக்கிப் போகும். சி.ஓ.பி.டி. நுரையீரலில் வீணாகும் இடம் 150ஐவிட அதிகம் என்பதால் அவர்களிடம் இழப்பு இன்னும் கூடும்.

அதனால் என்.ஐ.வி.யில் ஈரப்பதத்துக்கு எச்.எம்.இ. வேண்டாம், ஹீட்டட் ஹ்யூமிடிஃபையர் போடுங்கள். எச்.எம்.இ. டெட் ஸ்பேஸ் சேர்ப்பதோடு மூச்சுவிடும் உழைப்பையும் கூட்டுகிறது.

கோவிட் காலத்தில் துளையில்லாத மாஸ்க், அதை ஒட்டி வைரஸ் ஃபில்டர், அதற்குப் பிறகு எக்ஸலேஷன் போர்ட், பிறகு டியூப் என்ற வரிசை பரவலானது. வெளியேறும் காற்றை வடிகட்ட அது தேவைப்பட்டது. காசநோய்ச் சந்தேகம் போன்ற காரணம் இருந்தால் இப்போதும் அதே வரிசைதான். ஆனால் காரணம் தீர்ந்த பிறகும் பழக்கத்தால் அந்த ஃபில்டர் அங்கேயே இருந்துவிடுகிறது. தேவை இருந்தால் உட்கொள்ளளவு குறைந்த ஃபில்டராகத் தேர்ந்தெடுங்கள். ஹ்யூமிடிஃபையரோடு சேர்த்துப் போட்டால் நனைந்து கனக்கும், அடைக்கும். கையில் எடுத்துப் பார்த்துக் கனமாக இருந்தால் மாற்றுங்கள். போர்ட்டுக்குப் பிறகு, அதாவது மெஷின் பக்கம் வைத்த ஃபில்டர் விட்ட மூச்சை வடிகட்டாது, மெஷினை மட்டும் காக்கும்.

நெபுலைசரை மாஸ்க்குக்கும் போர்ட்டுக்கும் நடுவே வைத்தால் மருந்து நன்றாகப் போய்ச் சேரும். கொடுத்து முடித்ததும் டீயைக் கழற்றுங்கள். அந்த 15 நிமிட மருந்துக்காக நாள் முழுக்க டெட் ஸ்பேஸ் சுமக்க வேண்டியதில்லை. மருந்தின் படிவு துளைகளில் உப்புபோல் படியும், அதையும் துடையுங்கள்.

மாஸ்கின் அளவும் ஹெல்மெட்டும்

பெரிய மாஸ்கின் உட்கொள்ளளவு முழுவதும் டெட் ஸ்பேஸாக மாறிவிடாது. காற்று ஓட்டம் எந்தப் பாதையில் போகிறதோ அதுதான் கணக்கு. நெற்றியிலிருந்து தாடைவரை மூடும் முழுமுகமாஸ்கில் துளை நல்ல இடத்தில் இருந்தால், பயந்ததுபோல் சி.ஓ.டூ. ஏறாது. மூக்குக் காயத்தால் முழுமுகமாஸ்க் தேவைப்படுபவருக்கு இந்தப் பயத்தால் மறுக்க வேண்டாம்.

தலை முழுவதையும் மூடும் ஹெல்மெட் வேறு கதை. உள்ளே பத்து லிட்டருக்கும் மேல் இடம் இருக்கும், புதுக்காற்றின் ஓட்டம்தான் அதைக் கழுவும். சிபேப்புக்கு (ஒரே அழுத்தத்தைத் தொடர்ந்து கொடுப்பது) நிமிடத்துக்கு 40 லிட்டருக்குக் குறையாமல், வழக்கமாக 60 அளவில் ஓட்டம் கொடுங்கள். வென்டிலேட்டரைச் சிபேப் மோடில் வைத்து ஹெல்மெட்டோடு இணைக்காதீர்கள். வென்டிலேட்டர் நோயாளி கேட்கும் அளவுக்கு மட்டுமே காற்று தரும், உள்ளே சி.ஓ.டூ. தேங்கிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நோயாளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாஸ்க் போட்ட பிறகு அரை மணியில் மூச்சின் வேகம் இறங்காமல் இருப்பது, வியர்வை, முகம் சிவப்பது, தலைவலி, கை நடுக்கம், கூப்பிட்டால் தாமதமாகக் கண் திறப்பது. ஆக்சிஜன் செறிவு இதில் எதையும் காட்டாது, அதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.

அடுத்து கசிவு எண். இங்கே ஒரு குழப்பம் உண்டு. சில மெஷின்கள் துளையின் கசிவையும் சேர்த்து மொத்தமாகக் காட்டும், சில துளையின் பங்கைக் கழித்துவிட்டு முகத்தோரக் கசிவை மட்டும் காட்டும். வி60இல் "மொத்தக் கசிவு", "நோயாளிக் கசிவு" என்று இரண்டு பெயரில் வருவது இதனால்தான். மொத்தமாகக் காட்டும் மெஷினில் பூஜ்யமோ, ஐந்தாறு லிட்டரோ வந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள். 4 செ.மீ. அழுத்தத்திலேயே 20 லிட்டர் வர வேண்டிய இடம் அது. துளை அடைத்திருக்கிறது அல்லது துளையே இல்லை. கழித்துக் காட்டும் மெஷினில் பூஜ்யம் நல்ல செய்தி.

கேப்னோகிராஃப் இருந்தால் மாஸ்க்குக்கும் போர்ட்டுக்கும் நடுவே மெயின்ஸ்ட்ரீம் அடாப்டரை (காற்றுப் பாதையிலேயே செருகும் சென்சார்) சில நிமிடம் வைத்துப் பாருங்கள். என்.ஐ.வி.யில் எண்ட்-டைடல் எண் (வெளிமூச்சின் கடைசியில் வரும் சி.ஓ.டூ.) கசிவால் நீர்த்துப்போகும், அதை நம்பி முடிவெடுக்க முடியாது. பார்க்க வேண்டியது அடிக்கோடு. ஒவ்வொரு உள்மூச்சிலும் கோடு பூஜ்யத்தைத் தொட வேண்டும். 5, 8 மி.மீ. பாதரசம் என்று மேலேயே மிதந்தால் உள்ளே போகும் காற்றில் சி.ஓ.டூ. இருக்கிறது என்று பொருள். ஈபேப்பை 2 கூட்டி, அதோடு ஐபேப்பையும் 2 கூட்டிப் பார்த்தால் அடிக்கோடு இறங்குவது கண்முன்னே தெரியும். பார்த்து முடித்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்.

ஏ.பி.ஜி., பைபேப் தொடங்கி 1 மணி நேரத்தில் ஒன்று, அதன்பிறகு 4 முதல் 6 மணி நேரத்தில் ஒன்று, நிலைமை மாறினால் இடையிலும். சி.ஓ.டூ. இறங்கவில்லை என்றால் நாங்கள் பார்க்கும் வரிசை இது: துளை இருக்கிறதா, திறந்திருக்கிறதா, துளைக்கும் முகத்துக்கும் நடுவே ஏதாவது செருகியிருக்கிறதா, ஈபேப் 4க்குக் கீழா, மூச்சு வேகம் 30க்கு மேலா, வெளிமூச்சு நேரம் எவ்வளவு, முகத்தோரக் கசிவால் அழுத்தம் எட்டாமல் போகிறதா, நோயாளியின் முயற்சியும் மெஷினும் ஒத்துப்போகிறதா, சளி அடைத்திருக்கிறதா, ஆக்சிஜன் அதிகமா. இவ்வளவுக்கும் பிறகுதான் ஐபேப்பைக் கூட்டுகிறோம். முதல் நான்கையும் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

ஆக்சிஜன் பற்றி ஒரு வார்த்தை. சி.ஓ.பி.டி.யில் செறிவு 88 முதல் 92 சதவீதம் இலக்கு. 98 வரை ஏற்றிவிட்டால் அதனாலேயே சி.ஓ.டூ. ஏறும், மூச்சு திரும்புவதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேறுபடுத்துவது எளிது: ஆக்சிஜனைக் குறைத்து இலக்குக்குக் கொண்டுவந்தாலும் கேப்னோகிராஃப் அடிக்கோடு பூஜ்யத்துக்கு இறங்காமல் மேலேயே நின்றால் துளைப் பக்கம் பாருங்கள்.

பி.எச். 7.25க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், மயக்கம் ஆழமானால், இந்தச் சோதனைகளுக்காக இன்டியூபேஷனை (மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது) தள்ளிப்போடாதீர்கள். துளையை அடைத்துவைத்த பிளாஸ்டரை எடுத்த உடனே ஒருவர் விழித்துக்கொள்வதும் உண்டுதான், ஆனால் மயக்க மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டுப் பிளாஸ்டரைத் தேடுங்கள்.

வீட்டில் பைபேப் வைத்திருப்பவர்களுக்கு

காலையில் எழும்போது தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம் இரண்டும் புதிதாக வந்தால் இரவில் சி.ஓ.டூ. ஏறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மழை, பனிக்காலத்தில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்குபவர்களுக்கு இது அதிகம். துளை போர்வைக்குள் இருந்தால் வெளியேறிய காற்று அங்கேயே சுற்றும். கால்களை மூடுங்கள், மாஸ்க்கை மூடாதீர்கள்.

மாஸ்க்கை வெதுவெதுப்பான நீரிலும் எண்ணெய்ப்பசை இல்லாத மென்மையான சோப்பிலும் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். துளைகளை மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கலாம். ஊசியோ குண்டூசியோ விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் மெஷின் போடும் கசிவுக் கணக்கு தவறும். வலை வடிவத் துளை உள்ள மாஸ்க் நனைந்திருந்தால் காற்று சரியாகப் போகாது, முழுதாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு மாஸ்க் மாட்டினால் அது வலைக்கண்களில் போய்ப் படியும்.

பழைய மாஸ்க் கிழிந்து புதிது வாங்கும்போது கடையில் "பைபேப் மாஸ்க்" என்று மட்டும் கேட்காதீர்கள். துளையுள்ள மாஸ்க், அதாவது வென்டட் மாஸ்க் என்று சொல்லி, பழைய மாஸ்க்கைக் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போது கொடுத்தனுப்பும் மாஸ்க் ஐ.சி.யூ. வென்டிலேட்டருக்கானதாக இருக்கலாம். நீல எல்போ இருந்தால், துளை தென்படாவிட்டால், அதை வீட்டு மெஷினில் மாட்டவே மாட்டாதீர்கள்.

மின்சாரம் போனால் மெஷின் நின்றவுடன் துளை வழியாகக் கழுவுவதும் நின்றுவிடும். மூக்கு மாஸ்க் என்றால் வாயால் மூச்சுவிடலாம். வாயும் மூக்கும் மூடும் மாஸ்கில் மடல் வேலை செய்தாலும் அது தற்காலிக வழிதான். தாமாக மாஸ்க்கைக் கழற்ற முடியாதவர், கை பலவீனமானவர், நரம்பு நோயாளி என்றால் பேட்டரி பேக்கப் உள்ள மெஷினும், அலாரம் கேட்கும் தூரத்தில் ஒருவரும் கட்டாயம். யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்து, மெஷின் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பகலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஹ்யூமிடிஃபையர் சூட்டுத்தட்டுதான் பேட்டரியை அதிகம் தின்பது, மின்வெட்டின்போது அதை மட்டும் அணைத்தால் ஓடும் நேரம் கணிசமாக நீளும்.